எலுமிச்சையை இனிக்க வைக்கும் செடி: ஒரு நாலு வருஷ ப்ராஜெக்ட்

நெல்லிக்காயைக் கடிச்சிட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சா இனிக்கும். ஸ்கூல் வாசல்ல இதைச் செஞ்சு பாக்காத ஆள் நம்ம காலேஜ்ல இருக்க வாய்ப்பே இல்லை. ஆனா அந்த இனிப்பு ரெண்டு மடக்குல காணாமப் போயிடும். இப்போ இதை யோசிச்சுப் பாருங்க: காப்பிப் பழம் அளவுக்கு ஒரு சிவப்புப் பழம். அதை வாயில போட்டு ஒரு நிமிஷம் நாக்கு முழுக்கப் புரட்டிட்டு, கொட்டையைத் துப்பிடணும். அதுக்கப்புறம் அரை மணி நேரம், சிலருக்கு ஒன்றரை மணி நேரம் வரைக்கும், எலுமிச்சம்பழத்தைச் சாத்துக்குடி மாதிரி சுளை சுளையா தின்னலாம். புளிச்ச தயிர் லஸ்ஸி ஆயிடும். மாங்காய்ப் பிஞ்சு பழுத்த மாம்பழம் மாதிரி ருசிக்கும்.

இந்தப் பழத்தைத் தர்ற செடிக்குப் பேர் சின்செபாலம் டல்சிஃபிகம். கடைக்காரங்க வெச்ச பேர் மிராக்கிள் ஃப்ரூட். நைஜீரியாவின் யொரூபா மக்கள் அக்பாயுன் என்கிறார்கள். சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவின் ஈரமான தாழ்நிலக் காடுகள். கானா, பெனின், நைஜீரியா, கேமரூன் பக்கம். குடும்பம் மட்டும் நமக்கு ரொம்பப் பழக்கமானது. சப்போட்டா, மகிழமரம், இலுப்பை எல்லாம் இருக்கிற சப்போட்டேசி குடும்பம்தான் இதுவும். 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை'ன்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அந்த இலுப்பைக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பங்காளி. அதுவும் ஆலை இல்லாத ஊர்களில் சர்க்கரை வேலையைத்தான் பார்த்திருக்கிறது.

இதை எப்படி வளர்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் செடி எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தொட்டியில் வைத்தால், அது ஏன் செத்தது என்றும் தெரியாது. அதனால கொஞ்சம் சுத்தி வளைச்சுப் போகலாம்.

காட்டிலிருந்து நாக்குக்கு

1725 வாக்கில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் சுற்றிய பிரெஞ்சுக்காரர் ஷெவாலியே தே மார்ஷே, உள்ளூர் மக்கள் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்புப் பழத்தை மெல்வதைக் கவனித்தார். 1852-ல் வில்லியம் டேனியல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். புளிக்க வைத்த மக்காச்சோள மாவில் செய்த கட்டி உணவு, புளித்துப்போன பனங்கள், இவற்றை உள்ளே தள்ளத்தான் மக்கள் இதைப் பயன்படுத்தினார்கள் என்பது அவர் குறிப்பு. நம்ம பழைய சோறும் கூழும் மாதிரி, அங்கே தினசரி உணவு புளிப்பு. அதைச் சாப்பிட வசதியாக வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு புதர். ஐரோப்பியர் வந்து 'கண்டுபிடிக்கும்' முன்பே அது அங்கே அன்றாடப் பொருளாக இருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லியே ஆகணும்.

உள்ளே இருக்கிற பொருளைப் பிரித்தெடுக்க 1968 வரை ஆனது. அந்த ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் குரிஹாரா, பெய்ட்லர் இருவரும், நெதர்லாந்தில் இன்னொரு குழுவும் தனித்தனியாக அதைப் பிரித்தார்கள். அது ஒரு புரதம், கூடவே சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய கிளைக்கோபுரதம். பேர் மிராகுலின். 1989-ல் அதன் முழு வரிசையும் தெரிந்தது: 191 அமினோ அமிலங்கள்.

வேடிக்கை என்னன்னா, மிராகுலின் தானாக இனிக்காது. சும்மா நாக்கில் வைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. 2011-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணத்தைக் காட்டினார்கள். நம் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது, டி1ஆர்2-டி1ஆர்3 என்ற இரட்டைப் புரதம். மிராகுலின் போய் அதில் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். வாய் நடுநிலையில் இருக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும். அமிலம் வந்ததும், அதாவது பிஹெச் இறங்கியதும், வடிவம் மாறி ஏற்பியைத் தட்டி எழுப்பிவிடும். மூளைக்கு 'இனிப்பு' என்று செய்தி போகும். நம்ம பாஷையில சொன்னா இது ஒரு அண்ட் கேட். ஒரு உள்ளீடு மிராகுலின், இன்னொரு உள்ளீடு ஹைட்ரஜன் அயனி. ரெண்டும் ஒன்றானால்தான் வெளியீடு ஒன்று. எச்சில் அமிலத்தைக் கழுவியதும் அணைந்துவிடும். அடுத்த எலுமிச்சைத் துண்டுக்கு மறுபடி எரியும்.

இதிலிருந்து ரெண்டு விஷயம் நேராக வருது. ஒன்று, காரம், உப்பு, கசப்பு எதையும் இது மாற்றாது. மெஸ் சாம்பாரைக் காப்பாற்றும் என்று நம்பி வளர்க்காதீங்க. ரெண்டு, இது புரதம், அதனால் கொதிக்க வைத்தால் செத்துப்போகும். ஜாம், பாயசம், கேக் என்று சமையலுக்குள் போட முடியாது. நாக்கு வழியாக மட்டும்தான் வேலை செய்யும்.

நம்ம வேலியோரக் கொடி சிறுகுறிஞ்சான் இருக்கே, சர்க்கரைக்கொல்லின்னு சொல்வாங்களே, அது இதற்கு நேர் எதிர். அதன் இலையை மென்றால் சர்க்கரை மண் மாதிரி இருக்கும். அதுவும் அதே இனிப்பு ஏற்பியில்தான் கை வைக்கிறது, ஆனால் பூட்டுப் போடுகிறது. மிராகுலின் போட்ட நாக்கில் சிறுகுறிஞ்சானைத் தடவினால் எலுமிச்சையின் இனிப்பு போய் பழைய புளிப்பு திரும்பிவிடும் என்று 1970-களிலேயே சோதனையில் காட்டியிருக்கிறார்கள். பழம் கிடைத்தால் செய்து பார்க்க வேண்டிய முதல் சோதனை என் கணக்கில் இதுதான்.

இவ்வளவு நல்ல பொருள் ஏன் கடையில் கிடைக்கவில்லை? 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் ஹார்வி என்பவர் மிராலின் என்ற கம்பெனி தொடங்கி, முதலீட்டாளர்களைப் பிடித்து, செடிகளைத் தோட்டமாக வளர்த்து, சர்க்கரை இல்லாத இனிப்புகளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிலைக்கு வந்தார். 1974-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை 'உணவுச் சேர்க்கைப் பொருள்' என்று வகைப்படுத்தியது. அப்படியென்றால் பல வருஷச் சோதனை வேண்டும், அதற்குப் பணம் இல்லை, கம்பெனி மூடியது. தன் காரைப் பின்தொடர்ந்தார்கள், ஆபீஸில் புகுந்தார்கள் என்று ஹார்வி பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். சர்க்கரை வியாபாரிகளின் வேலை என்று பலர் நம்புகிறார்கள். நிரூபணம் எதுவும் இல்லை, அதனால் நானும் அதை வதந்தி கணக்கில்தான் வைக்கிறேன். ஜப்பானில் மாத்திரையாக விற்கிறது. சுகுபா பல்கலைக்கழகத்தில் மரபணு மாற்றிய தக்காளியிலும் லெட்யூஸிலும் மிராகுலினை உண்டாக்கிக் காட்டினார்கள். 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் உலர்ந்த பழத்தைப் புது வகை உணவாக ஏற்றுக்கொண்டது. புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களுக்கு வாயில் உலோக ருசி வந்து சாப்பாடு இறங்காது. அவர்களுக்கு உதவுமா என்று சின்ன அளவில் சோதனைகள் நடந்திருக்கின்றன. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் நம்பாதீங்க. ருசியைத்தான் மாத்துது, ரத்தத்தை இல்லை.

இப்போ செடிக்கு வருவோம்

மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டு மண்ணை நினைச்சுப் பாருங்க. ஆயிரக்கணக்கான வருஷமாக மழை பெய்து பெய்து, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இரும்பும் அலுமினியமும் நிறைந்த சிவப்பு அமில மண். மேலே மக்கிய இலை. பெரிய மரங்களின் நிழல். கானாவின் தெற்குப் பகுதியில் வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம், நடுவிலும் காற்றில் ஈரம். இந்தச் சூழலில் பழகிய செடி பிஹெச் 4.5-லிருந்து 5.8 வரை உள்ள மண்ணைத்தான் வீடு என்று நினைக்கிறது.

நம்ம போர் தண்ணி? ஹாஸ்டல் பக்கெட்ல போட்ட ஹீட்டர் ராடு ரெண்டு மாசத்துல வெள்ளையா ஓடு கட்டுதே, அதுதான் பதில். இந்தச் செடியைக் கொல்லும் முதல் குற்றவாளி வெயிலும் இல்லை, பூச்சியும் இல்லை. தண்ணிதான்.

முதல் வருஷக் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு காரத்தன்மை கண்டுபிடித்தோமே, ரெக்கார்டு எழுதினதோட மறந்தும் போனோமே, அது இப்போ உபயோகப்படப் போகுது. பலர் பிஹெச் தாள் வாங்கித் தண்ணியில் நனைத்து, '7.5 தானே, பரவாயில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பிஹெச் இல்லை, பைகார்பனேட் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது. பிஹெச் என்பது இப்போதைய நிலை. காரத்தன்மை என்பது எவ்வளவு அமிலத்தை அந்தத் தண்ணி விழுங்கும் என்கிற கொள்ளளவு. ஒன்று பேட்டரியின் வோல்டேஜ் மாதிரி, இன்னொன்று ஆம்பியர்-அவர் மாதிரி.

ஒரு கணக்குப் போடுவோம். தண்ணியின் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் அளவில், என்று வைத்துக்கொள்வோம். தினமும் அரை லிட்டர் ஊற்றினால் மாதம் 15 லிட்டர். அதாவது மாதம் 4.5 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரம் தொட்டிக்குள் போகிறது. வருஷத்துக்கு 54 கிராம். ஒரு வாளி மண்ணில் கைப்பிடிச் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு அமிலம் விரும்பும் செடியை வளர்க்கப் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

மண்ணின் பிஹெச் ஏறினால் முதலில் இரும்பு பூட்டிக்கொள்ளும். இரும்பு ஹைட்ராக்சைடின் கரைதிறனைப் பாருங்க: பிஹெச் ஒரு படி ஏறினால், கரைந்திருக்கும் ஃபெர்ரிக் அயனி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். மண்ணில் இரும்பு கொட்டிக் கிடந்தாலும் வேருக்கு எட்டாது. அதனால் புதுத் தளிர்கள் மஞ்சளாக வரும். நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். இதுதான் முதல் எச்சரிக்கை. ரெண்டாவது எச்சரிக்கை இலை நுனி பழுப்பாகிக் கருகுவது. அது பெரும்பாலும் உப்பு சேர்ந்ததால் வரும். இந்த நிலையில் 'செடிக்குச் சத்து பத்தலை' என்று உரத்தை அள்ளிப் போடுபவர்கள்தான் அதிகம். அது எரிகிற வீட்டில் எண்ணெய்.

சரி, என்ன தண்ணி ஊத்துறது? மழைத்தண்ணிதான் முதல் பதில். நிறைய வேணுமே என்று மலைக்காதீங்க. தினம் அரை லிட்டர் என்றால் வருஷம் முழுக்க 183 லிட்டர்தான். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று போதும். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் கீழே வையுங்க, முதல் மழையின் அழுக்கை விட்டுவிட்டு ரெண்டாவது மழையில் பிடிங்க. மூடி இறுக்கமாக இருக்கணும், இல்லாட்டி செடிக்கு முன்னாடி ஹாஸ்டலுக்கு டெங்கு வரும்.

டிரம் வைக்க வார்டன் விடமாட்டார் என்றால் அடுத்த வழி ஏசி. கம்ப்யூட்டர் லேப் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணி காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவது. அதில் கரைந்த உப்பு ஏறக்குறைய இல்லை. குடிக்கக் கூடாது, செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். ஆனால் ஒன்றை மட்டும் குழப்பிக்காதீங்க: ஆர்ஓ மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணி. 'வீணாப் போகுதே, செடிக்காவது ஊத்தலாம்'னு நல்ல மனசோட செய்வாங்க. வடிகட்டி பிரித்த உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் இருக்கு. போர் தண்ணியைவிட மோசம். தென்னைக்கு ஊற்றுங்க, இதற்கு வேண்டாம்.

வேறு வழியே இல்லை, போர் தண்ணிதான் என்றால், சிட்ரிக் அமிலம் கலந்து காரத்தை முறிக்கலாம். கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று கேட்டாலே கிடைக்கும். மேலே சொன்ன 300 மில்லிகிராம் தண்ணியில் லிட்டருக்கு 6 மில்லி ஈக்விவலன்ட் காரம் இருக்கு. அதில் ஐந்தில் நாலு பங்கை முறித்தால் போதும், அதாவது 4.8. சிட்ரிக் அமிலத்துக்கு மூன்று ஹைட்ரஜன் இருந்தாலும் நமக்கு வேண்டிய பிஹெச் அளவில் ஏறக்குறைய ரெண்டுதான் வெளியே வரும். அப்போ 2.4 மில்லிமோல், மோலார் நிறை 210, ஆக லிட்டருக்குச் சுமார் அரை கிராம். பத்து லிட்டர் பக்கெட்டுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். உங்க தண்ணியின் எண் வேற என்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கோங்க. லேபில் டைட்ரேட் பண்ண ஒரு மணி நேரம்கூட ஆகாது. இதில் ஒரு ஓட்டை உண்டு. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்றுவிடும், தின்றபின் பைகார்பனேட் மறுபடி உண்டாகும். அதனால் இது தற்காலிக வைத்தியம். மழை வரும்வரை தாக்குப்பிடிக்கத்தான்.

தண்ணியைச் சரி பண்ணியாச்சு என்றால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மண் கலவைக்குப் பீட் மாஸ் எல்லாம் வெளிநாட்டுப் புத்தகச் சமாச்சாரம். நம்ம ஊரில் தேங்காய் நார்த்தூள் கிடைக்குது, கோகோபீட் கட்டியாக. அதிலும் உப்பு இருக்கும் என்பதால் நல்ல தண்ணியில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்து, மூணு நாலு தடவை அலசணும். அது ரெண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை மட்கு ஒரு பங்கு, தண்ணி வடிவதற்கு நெல் உமி அரைப் பங்கு. ஈரம் நிற்கணும், தண்ணி தேங்கக் கூடாது. சிமெண்ட் தொட்டி வேண்டவே வேண்டாம், அதுவே சுண்ணாம்பைக் கசியும். பிளாஸ்டிக் அல்லது மண் தொட்டி. யூடியூப்பில் எல்லாச் செடிக்கும் சொல்லும் முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் இந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. ரெண்டும் காரம்.

உரம் கொஞ்சம் போதும். இது மெதுவாக வளரும் செடி, வேகமாகத் தின்னாது. மாதம் ஒருமுறை அம்மோனியம் சல்பேட் ஒரு சிட்டிகை, தண்ணியில் கரைத்து, முதலில் சாதாரணத் தண்ணி ஊற்றி மண்ணை நனைத்தபின். மண்ணில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது ஹைட்ரஜன் அயனி வெளிவரும், அதனால் உரமும் ஆச்சு, அமிலமும் ஆச்சு. மஞ்சள் தளிர் வந்தால் கீலேட் இரும்பு வாங்கித் தெளிக்கலாம். கீலேட்டா? அதே ஈடிடிஏதான். லேபில் கால்சியத்தைப் பிடித்த அந்த நண்டுக் கை, இங்கே இரும்பைப் பிடித்து இலைக்குக் கொண்டுபோகும்.

வெளிச்சம்: காலை வெயில், மத்தியான நிழல். கிழக்கு பார்த்த பால்கனி அருமையான இடம். ஏப்ரல், மே மாதங்களில் மொட்டை மாடியில் வைத்தால் இலை வெந்துவிடும், பச்சை நிழல்வலை கட்டுங்க. கோடையின் வறண்ட காற்று இதற்கு ஆகாது. நாலஞ்சு தொட்டிகளைச் சேர்த்து வைத்தால் நடுவில் ஈரம் தங்கும். பூச்சி என்று பார்த்தால் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும்தான். பஞ்சில் வேப்பெண்ணெய்க் கரைசல் தொட்டுத் துடைத்தால் சரியாகும்.

விதையா, கன்றா?

ஆன்லைனில் 'மிராக்கிள் ஃப்ரூட் விதை, பத்து எண்ணிக்கை' என்று பாக்கெட் விற்கிறார்கள். வாங்காதீங்க. காசு போகும், அவ்வளவுதான். நெல், பயறு மாதிரி காயவைத்துச் சேமிக்கும் விதை இல்லை இது. பழத்திலிருந்து எடுத்த சில நாட்களிலேயே முளைக்கும் திறன் போய்விடும். காய்ந்தால் செத்தது. பாக்கெட்டில் வருவது விதையின் சடலம்.

கன்றாக வாங்குவதே நல்லது. கேரள நர்சரிகளில் கிடைக்கிறது, அங்கிருந்து இங்கேயும் வருகிறது. ரோஜாக் கன்று மாதிரி மலிவு இல்லை, அதனால் பார்த்து வாங்கணும். கரும்பச்சை இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கும். இலையின் நுனி அகலமாகவும் காம்புப் பக்கம் குறுகியும் இருக்கும். 'மிராக்கிள் ஃப்ரூட்' என்ற பேரில் தௌமட்டோகாக்கஸ் என்ற இன்னொரு மேற்கு ஆப்பிரிக்கச் செடியும் உலவுது. அது பெரிய இலை விடும், கல்வாழைத் தோற்றத்தில் ஒரு பூண்டு. அதன் பழத்திலும் ஒரு இனிப்புப் புரதம் உண்டு, ஆனால் நாம் தேடுவது அது இல்லை.

விதையிலிருந்து வந்த செடி காய்க்க மூணு நாலு வருஷம் ஆகும். முதல் வருஷம் முடிவில் உங்க கையின் நீளத்துக்குக்கூட வராது. பக்கத்துத் தொட்டியில் தக்காளி காய்த்து முடிந்திருக்கும், இது அப்போதான் ஆறாவது இலை விட்டிருக்கும். 'வளருதா இல்லையா?' என்று தோண்டிப் பார்க்காதீங்க, வேர் தொந்தரவு இதற்குப் பிடிக்காது. காட்டில் நாலஞ்சு மீட்டர் புதராக நிற்கும். தொட்டியில் ஒன்றரை மீட்டரோடு நின்றுகொள்ளும். பி.இ. நாலு வருஷம், இதுவும் நாலு வருஷம். முதல் செமஸ்டரில் நட்டால் பிளேஸ்மென்ட் சீசனில் பூ.

அதனால் நிஜமான ஆபத்து செமஸ்டர் லீவுதான். மே மாசம் எல்லாரும் ஊருக்குப் போயிடுவாங்க, வெயில் கொளுத்தும், செடி தனியா நிக்கும். பத்து நாள் வறட்சி போதும், மூணு வருஷ உழைப்பு போயிடும். இதற்கு ஒரு சின்ன எஞ்சினியரிங் ஏற்பாடு: பழைய பருத்தித் துணியைக் கயிறாக முறுக்கி ஒரு முனையைத் தொட்டியின் அடி ஓட்டை வழியாக மண்ணுக்குள் செருகுங்க, மறுமுனையைக் கீழே மூடிய மழைத்தண்ணி வாளிக்குள் விடுங்க. தந்துகிக் கவர்ச்சியால் தண்ணி தானா ஏறும். வாளி மட்டம் தொட்டியின் அடிக்குக் கீழே இருக்கணும். மேலே இருந்தால் சைஃபன் ஆகி மொத்தமும் ஒரே நாளில் இறங்கிவிடும். ஆர்டுயினோவும் ஈரப்பத சென்சாரும் பம்பும் வைத்துச் செய்யலாமே என்று தோணும். செய்யுங்க, மினி ப்ராஜெக்டுக்கு மார்க் வரும். ஆனா லீவுல கரண்ட் போனா என்ன ஆகும்னு யோசிச்சிட்டு, துணித்திரியையும் கூடவே வெச்சிடுங்க. போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே திரியைப் போட்டுச் சோதிச்சுப் பாருங்க. எந்தத் துணி எவ்வளவு இழுக்கும் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைப்பது எல்லாச் சென்சாரையும்விட நம்பகமானது.

பூ, பழம், எலுமிச்சை

பூ ரொம்பச் சின்னது, வெள்ளை, கிளையை ஒட்டியே இருக்கும். பலர் கவனிக்காமலே விட்டுவிடுவார்கள். ரூமுக்குள் காற்றுப் படாமல் வைத்திருந்தால் பூக்கும் நேரத்தில் கிளையை லேசாக ஆட்டி விடுங்க, காய் பிடிக்க உதவும். காய் பச்சையாக வந்து, நீள உருண்டையாகி, ரத்தச் சிவப்பாகப் பழுக்கும். முழுச் சிவப்பு வரும்வரை பறிக்காதீங்க. பறித்தால் அன்றைக்கே சாப்பிட்டுடுங்க, சாதாரண வெப்பத்தில் சீக்கிரமே வீரியம் இறங்கிவிடும். தள்ளிப்போடணும்னா ஃப்ரீசர்.

உள்ளே சதை மெல்லிசா ஒரு படலம்தான், மீதி எல்லாம் ஒரே பெரிய கொட்டை. சதையை விழுங்க அவசரப்படாம நாக்கின் எல்லா இடத்திலும் படும்படி ஒரு நிமிஷம் புரட்டுங்க. அப்புறம் எலுமிச்சை, புளி, மாங்காய், தயிர், வினிகர் கலந்த ஊறுகாய்னு வரிசையா பாருங்க. உற்சாகத்துல பத்து எலுமிச்சை தின்னுடாதீங்க. இனிக்கிறது நாக்குக்குத்தான், பல் எனாமலுக்கும் வயிற்றுக்கும் அது இன்னமும் முழு அமிலம்தான். வாய்ப்புண் வந்தபிறகு புரியும்.

வாயிலிருந்து எடுத்த கொட்டையைக் குப்பையில் போட்டுடாதீங்க. தண்ணியில் கழுவி, ஒட்டிய சதையைத் துணியால் துடைத்து, காயவிடாமல் அன்றைக்கே ஈரமான நார்த்தூளில் ரெண்டு செண்டிமீட்டர் ஆழத்தில் படுக்க வையுங்க. மேலே பாலித்தீன் பை கவிழ்த்து நிழலில் வைத்தால் சில வாரங்களில் முளை தெரியும். தொட்டியில் தேதி எழுதி ஒட்டி, பக்கத்து ரூம் ஃபர்ஸ்ட் இயர் தம்பிகிட்டயோ தங்கச்சிகிட்டயோ மழைத்தண்ணி டிரம்மோட சேர்த்துக் கொடுத்திடுங்க.